ஒலிவியா டி ஹாவிலண்டை மெலனியோடு நிறுத்திவிடாதீர்கள்

பழைய ஹாலிவுட் படங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையிடும் திரைப்படச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டின் படம் என்றால் எரால் ஃபிளின் நடித்த 1938-ஆம் ஆண்டின் ராபின் ஹுட்டையோ, மறு ஆண்டு வெளிவந்த 'கான் வித் த விண்ட்'டையோதான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறோம். அறிமுகக் குறிப்பும் அவரை அந்த இரண்டாவது படத்தின் அடக்கமே உருவான பாத்திரமான மெலனியாகச் சொல்லி முடிந்துவிடுகிறது. தம்மை ஆட்டிவைத்த படத்தயாரிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து வென்றவர் அவர் என்பதைச் சொல்லாத அறிமுகம் குறையுடையது என்பதே என் உறுதியான கருத்து.

அக்காலத்தில் தமக்குப் பிடிக்காத வேடத்தை மறுக்கும் நடிகரை நிறுவனம் சம்பளமின்றி இடைநீக்கம் செய்யும். அப்படிக் கழிந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டியும் கொள்ளும். மறுக்க மறுக்க நீண்டுகொண்டே போகும் இந்த ஏற்பாட்டை எதிர்த்து 1936-இல் இங்கிலாந்து நீதிமன்றம் வரை சென்ற நடிகை பெட்டி டேவிஸ் தோற்றுத் திரும்பினார். ஒலிவியாவின் ஏழாண்டு ஒப்பந்தம் 1943-இல் முடிந்தபோது, இடைநீக்க நாட்களுக்கு ஈடாக இன்னும் ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர் தங்களுக்கு உழைத்தாக வேண்டும் என்று அவரது நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் சொன்னது. வேலை ஒப்பந்தங்களுக்கு உச்சவரம்பாகக் கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் குறிப்பிடும் ஏழாண்டு என்பது நாட்காட்டியின் ஏழாண்டே, வேலை செய்த நாட்களின் கூட்டுத்தொகை அன்று என்று அவர் தரப்பு வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1944 டிசம்பரில் அதை ஏற்றது. 1945 தொடக்கத்தில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரிக்க மறுத்ததால் தீர்ப்பு நிலைத்தது.

இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. புகழின் உச்சத்தில், முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எந்தப் படப்பிடிப்பிலும் அவர் இல்லை. அவரை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று வார்னர் பிரதர்ஸை நடத்திய ஜாக் வார்னர் மற்ற நிறுவனங்களுக்கெல்லாம் எழுதியிருந்தார். அந்த நாட்களில் அவர் போர்க்கால மருத்துவமனைகளுக்குச் சென்று காயமுற்ற வீரர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அந்த ஏழாண்டுச் சட்டப்பிரிவை அமெரிக்கத் திரையுலகமும் இசையுலகமும் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

திரையில் அவருடைய முழு ஆற்றலைக் காண்பதும் இந்த விடுதலைக்குப் பிறகுதான். 1946-இல் வெளிவந்த 'டு ஈச் ஹிஸ் ஓன்' படத்துக்கு ஆஸ்கர் வந்தது. 1948-இல் 'தி ஸ்நேக் பிட்' படத்தில், நட்சத்திரப் பொலிவைக் களைந்துவிட்டு, மனநல மருத்துவமனையில் தவிக்கும் பெண்ணாக நடித்தார். இரண்டாவது ஆஸ்கரைத் தந்த வில்லியம் வைலரின் 'தி ஹெயரஸ்' (1949) எல்லாவற்றிலும் மேலானது என்பேன். உடன் ஓடிப்போக வருவதாகச் சொன்ன காதலன் வராமல் போக, விடியும் வேளையில் கதாநாயகி கேத்தரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் காட்சியைப் பாருங்கள். அழுகையோ வசனமோ இல்லை. தளர்ந்த நடையிலேயே ஒரு வாழ்வு முறிந்தது தெரிந்துவிடுகிறது. படத்தின் பிற்பகுதியில் அதே பெண்ணின் குரல் தாழ்ந்து, நிதானமாகி, எவருக்கும் வளையாததாக மாறிவிடுகிறது.

ஆகவே, அடுத்த நிகழ்ச்சி நிரலில் 'தி ஹெயரஸ்' படத்தைச் சேர்த்து, திரையிடலுக்கு முன் அந்த வழக்கைப் பற்றிப் பேசப் பத்து நிமிடங்களேனும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு நாள் கிடைக்குமானால் 'தி ஸ்நேக் பிட்' படத்தையும் திரையிடுங்கள். இரண்டுக்குமான அறிமுகக் குறிப்பை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சங்கத் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்