நுரையீரல் மாதிரியையும் படியுங்கள்: ஐ.சி.எம்.ஆருக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கும் புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்கும் வணக்கம்.

பன்றிக்காய்ச்சல் பரவும்போதெல்லாம் எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு வருகிறது. இறந்தவரின் நுரையீரலில் இருந்த வைரஸ் எப்படிப்பட்டது என்பதும் அதே வேகத்தில் வெளிவர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் முள் முள்ளாக நிற்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம், நம் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. அந்த அமிலம் சர்க்கரைச் சங்கிலியில் இணைந்திருக்கும் விதம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மூக்கிலும் தொண்டையிலும் 2,6 வகை இணைப்பு மிகுதி. மனிதரிடையே பரவும் ஃப்ளூ நாடுவது இதையே. ஆழத்தில், காற்றுப்பைகளில், பறவைக்காய்ச்சல் வைரஸ் விரும்பும் 2,3 வகையும் உண்டு. ஆகவே பிடிமானம் சற்று மாறினாலும் தொண்டையோடு போக வேண்டிய நோய் நிமோனியா வரை இறங்கக்கூடும்.

2009இல் பன்றிக்காய்ச்சல் வைரஸில் நார்வே ஆய்வாளர்கள் இப்படி ஒன்றைக் கண்டார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி; ஹீமக்ளூட்டினின் சங்கிலியின் 222ஆவது இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் போய் கிளைசின் வந்திருந்தது. நோய் கடுமையான அல்லது உயிரிழந்த 61 பேரில் 11 பேரிடம் இந்த மாற்றம் இருந்தது. லேசான காய்ச்சலோடு தப்பிய 205 பேரில் ஒருவரிடமும் இல்லை. மாற்றத்தால் நோய் முற்றியதா, முற்றிய நுரையீரலுக்குள் பிறகு மாற்றம் தோன்றியதா? தொண்டை மாதிரியை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. மூக்குச் சளியில் தென்படாத மாற்றம் நுரையீரல் சளியில் தென்பட்ட நோயாளிகள் உண்டு.

2015இல் நம் நாட்டில் பன்றிக்காய்ச்சலால் 42,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். அந்த மார்ச்சில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ராம் சசிசேகரனும் சக ஆய்வாளரும், 2014இன் இந்திய வைரஸ் ஒன்றில் கவலைக்குரிய ஹீமக்ளூட்டினின் மாற்றங்கள் இருப்பதாக எழுதினார்கள். இந்தியத் தரப்பு மறுத்தது. யார் சொல்வது சரி என்று வெளியிலிருப்பவர் சரிபார்க்க வழியில்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் பொதுத் தரவுத்தளங்களுக்கு இந்தியாவிலிருந்து போயிருந்த ஹீமக்ளூட்டினின் மரபணு வரிசைகள் இரண்டே இரண்டு. இத்தனை பேரைப் பறிகொடுத்த நேரத்தில் சான்று இவ்வளவுதான் இருந்தது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

வென்டிலேட்டரில் கிடப்பவரின் மூச்சுக்குழாயிலிருந்து செவிலியர்கள் அன்றாடம் சளியை உறிஞ்சி எடுக்கிறார்கள். பெரும்பாலும் அது கழிவாகப் போகிறது. அதில் கொஞ்சம் எடுத்து, அதே நோயாளியின் முதல் நாள் தொண்டை மாதிரியோடு சேர்த்து இரண்டின் மரபணு வரிசையையும் படியுங்கள். பெயர் வேண்டாம். வயது, மாதிரி எடுத்த நாள், எடுத்த இடம், பிழைத்தாரா என்ற விவரம் போதும். சில வாரங்களுக்குள் வெளியிடுங்கள். வைரஸின் மேற்பரப்பிலுள்ள இன்னொரு புரதமான நியூராமினிடேஸையும் விட்டுவிடாதீர்கள். ஃப்ளூவுக்குத் தரும் ஓசெல்டாமிவிர் மருந்து தடுப்பது அந்தப் புரதத்தை. அதன் 275ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் டைரோசினாக மாறினால் மருந்து எடுபடாது.

அரசு மருத்துவக் கல்லூரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைத் தொடங்கலாம். அடுத்த பருவமழைக்கு முன் சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியை