தடைக்காலமே பாய் விரிக்கும் காலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னாட்டு யோகா நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த படங்களில் எங்கள் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் கடலுக்குப் போகிற ஒருவர்கூட அந்தப் படங்களில் இல்லை. மண்டபத்தை அடுத்த ஒரு மீனவ கிராமத்தில் ஓராண்டாக யோகாசன வகுப்பு நடத்தி வருபவள் என்ற முறையில், அதற்கான காரணத்தை எழுதலாம் என்று நினைத்தேன்.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கி ஜூன் 14 நள்ளிரவில் முடிகிறது. 61 நாள் கரையில் கிடந்த படகுகள் ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, முதல் பாட்டுக்கு, அதாவது முதல் மீன்பிடிப் பயணத்துக்கு, கடலில் இறங்கும் அந்த வாரத்திலேயே ஜூன் 21 வந்துவிடுகிறது. ஆண்கள் கடலில் இருக்கிறார்கள். பெண்கள் மீன் தரம் பிரிக்கும் இடத்தில் நிற்கிறார்கள். யோகா நாள் எங்கள் கரைக்கு ஒரு வாரம் தாமதமாக வருகிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பரில் குறித்த தேதியை மாற்றச் சொல்ல நான் யார்? ஆனால் எங்கள் மாவட்டத்தில் வகுப்பு நடத்தும் நாள்களை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். மதுரையில் படித்த பாடத்திட்டத்தை அப்படியே எடுத்து வந்து, காலை 6 மணி வகுப்பு என்று எழுதி ஒட்டினேன். முதல் நாள் 17 பெண்கள் வந்தார்கள். இரண்டாம் வாரத்தில் 4 பேர் மிஞ்சினார்கள். அக்கறை இல்லாத ஊர் என்று வீட்டில் புலம்பியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கடற்பாசி எடுக்கும் பெண்கள். அவர்களுடைய வேலை நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, நீர் வற்றும் நேரம் தீர்மானிக்கிறது. அந்த நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இன்று 6 மணிக்கு வர முடிந்தவர் நான்கு நாள் கழித்து அதே 6 மணிக்கு இடுப்பளவு நீரில் நிற்பார். அதன்பின் மறுநாள் வகுப்பு எப்போது என்பதை அவர்களையே சொல்லச் சொன்னேன். வருகை உயர்ந்தது. வாடைக்காற்று பலமாக அடித்த நாள்களிலும், பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட நாள்களிலும் வகுப்பே இல்லை. அதைப் பற்றி யாரும் வருந்தவுமில்லை.

நேரத்தைவிடப் பெரிய பாடம் மூச்சைப் பற்றியது. பூரகம் (மூச்சை இழுப்பது), கும்பகம் (அடக்குவது), ரேசகம் (வெளியே விடுவது) என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கும்பகத்துக்கு வந்ததும் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, “தண்ணிக்குள்ளதான் மூச்ச அடக்குறோம், கரையிலயும் அடக்கச் சொன்னா எப்பத்தான் தாயி விடுறது?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முகக்கண்ணாடி ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, பாறையைப் பற்றியபடி மூழ்கி எழுகிறவர்களுக்கு மூச்சை அடக்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்கவா நான் வந்தேன்? இதில் ஆபத்தும் இருக்கிறது. கபாலபாதி போல வேகமாக மூச்சை வெளித்தள்ளும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூச்சு வாங்கச் சொல்லி நம்மைத் தூண்டுவது பெரும்பாலும் அந்த வாயுவின் அளவுதான்; அது குறைந்த நிலையில் மூழ்குகிறவருக்கு, உயிர்வளி தீரத் தொடங்கிய பிறகும் திணறல் தெரியாமல், நீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடக்கூடும். கடலுக்குள் இறங்கப்போகிறவர்கள் அதற்கு முன் இந்தப் பயிற்சியைச் செய்யவே கூடாது என்று அடுத்த வகுப்பில் சொன்னேன். கும்பகத்தையும் விட்டுவிட்டு, மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடுவதை மட்டும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கடற்கரை ஊர்களில் கற்பிக்கும் மற்ற ஆசிரியர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆசனங்களிலும் பலவற்றைக் கைவிட்டேன். நாள் முழுதும் குனிந்தே பாசி பறித்தவர்களை மறுபடி குனிய வைக்கும் பாதஹஸ்தாசனத்தால் அவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனமும், சுவரில் கால் சாய்த்துப் படுப்பதும்தான் அவர்கள் விரும்பிக் கேட்பவை. மல்லாந்து படுத்து இடுப்பைப் பாலம்போல உயர்த்தும் ஆசனத்துக்குச் சேதுபந்தாசனம் என்று பெயரைச் சொன்ன அன்று, “அப்ப இது நம்ம ஊரு ஆசனம்” என்று ஒருவர் மல்லாந்து படுத்தபடியே உரிமை கொண்டாடினார். சேது நாடு என்று பெயர் பெற்ற இராமநாதபுரத்துக்காரர்கள் கேட்கக்கூடிய உரிமைதான் அது. யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலி முனிவர் அடங்கிய இடம் இராமேஸ்வரம் என்று வழங்கிவரும் மரபையும் நான் அப்போது சொன்னேன். அதைவிடச் சேதுவின் பெயர்தான் அவர்களைக் கவர்ந்தது. கடையில் விற்கும் ரப்பர் விரிப்பு யாரிடமும் இல்லை. பனையோலைப் பாயில் படுத்துச் செய்வதைச் செய்துவிட்டு, சிமெண்டுத் தரையில் அது வழுக்குவதால், நின்று செய்யும் ஆசனங்களை வெறுந்தரையில் செய்தோம். காலை இழுத்துப் பிடிக்கப் பழைய வலைக்கயிறு போதுமானதாக இருந்தது.

இந்து, இஸ்லாமிய, கிறித்தவப் பெண்கள் சேர்ந்தே வருவதால் சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளையும் மந்திரம் இல்லாமல் எண்ணிக்கையாகவே சொல்கிறேன். இதனால் இன்றுவரை ஒரு சிக்கலும் எழவில்லை.

இனி ஆண்களைப் பற்றி. அவர்கள் முதலில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெண் சொல்லிக் கொடுக்கும் வகுப்புக்குள் வரக் கூச்சம் என்று பிறகு தெரிந்தது. இந்த ஆண்டு தடைக்காலம் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், வலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை தூக்க முடியாமல் போன ஒருவர் தம் மனைவியின் வற்புறுத்தலால் வந்தார். அவரைப் பார்த்து 8 பேர் வந்தார்கள். படகுக்கு வர்ணம் அடிப்பது, இன்ஜின் பார்ப்பது, வலை பொத்துவது என்று தடைக்காலத்திலும் அவர்களுக்கு வேலை உண்டு, ஆனால் மாலை 5 மணிக்குமேல் அவர்கள் கரையில் இருப்பார்கள் என்பது உறுதி. குந்தி உட்கார்வதில் நகரத்து இளைஞர்கள் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும். அலையில் ஆடும் படகுத் தட்டில் நின்று வலை இழுக்கிறவர்களுக்கு ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் எளிது என்று நினைத்திருந்தேன். கண்ணை மூடச் சொன்னதும் பெரியவர்கள் இருவர் தள்ளாடினார்கள். “எங்களுக்குத் தரைதான்மா ஆடும்” என்றார் ஒருவர். ஜூன் 14 வரை ஒரு நாளும் தவறாமல் வந்தவர்களை அதன்பின் நான் வகுப்பில் பார்க்கவில்லை. தோள்பட்டை வலிக்காரர் மட்டும் கரைக்கு வரும் நாள்களில் வீட்டிலேயே செய்வதாக அவருடைய மனைவி சொல்கிறார்.

யோகா நாளுக்கு முந்தைய வாரம் ஓர் அலுவலகத்திலிருந்து என்னை அழைத்து, படம் எடுப்பதற்காகப் பாசிப் பெண்கள் 50 பேரைச் சீருடைபோல ஒரே நிறப் புடவையில் கூட்டி வர முடியுமா என்று கேட்டார்கள். அன்று நீர் வற்றும் நேரம் காலை என்று சொன்னேன். மறுமுனையில் இருந்தவருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே விளங்கவில்லை. அவர் மீது எனக்குக் கோபமில்லை, ஓராண்டுக்கு முன் நானும் விளங்காமல்தான் இருந்தேன்.

ஆகவே, ஒரு நாள் விழாவுக்காகும் செலவில் ஒரு பகுதியையாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களுக்கு ஒதுக்கி, கடற்கரை ஊர்களில் மாலை வகுப்புகள் நடத்த மாவட்ட நிர்வாகமும் மீன்வளத் துறையும் முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆண் ஆசிரியர் கிடைத்தால் நல்லது. புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. புயல் பாதுகாப்பு மையங்களின் கூடங்கள் கோடை முழுதும் பூட்டியே கிடக்கின்றன. எங்கள் ஊர் மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அடுத்த ஏப்ரலுக்குள் யாரேனும் தெரிவித்தால் போதும். பாய்களை நாங்களே கொண்டு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
யோகா ஆசிரியை ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.