யார் சொல்லித் தெரிந்தது என்று ஒரு வரி கேளுங்கள்

தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்துக்கும் கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கும் வணக்கம். இரண்டு பேருக்கும் ஒரே கடிதமாகத்தான் எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் "அது அவங்க வேலை" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டிவிடுவீர்களோ என்று ஒரு பயம்.

நான் கொஞ்ச காலம் ஒரு காப்புரிமை முகவரிடம் எழுத்து வேலை பார்த்தவன். விண்ணப்பத்தின் முதல் படிவத்தில் உறுதிமொழிகள் வரிசையாக இருக்கும் இல்லையா, அதில் ஒன்று: இந்தக் கண்டுபிடிப்பில் இந்திய உயிரியல் பொருள் பயன்பட்டிருக்கிறது, அதற்கான அனுமதியைக் காப்புரிமை கிடைக்கும் முன் தந்துவிடுவேன். பொருந்தவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடலாம். ஸ்கேல் வைத்து நேராக அடிப்பதுதான் என் வேலை. மூலிகைச் சாறு பற்றிய விண்ணப்பம் வந்தால் மட்டும் கை நிற்கும். "எங்கே கிடைத்தது?" என்று கேட்பேன், "மார்க்கெட்டில் வாங்கினதுன்னு போடுப்பா" என்று பதில் வரும், போட்டுவிடுவேன். அது பொய்யும் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கியிருப்பார்கள்தான். அந்த வேர் வலிக்கு ஆகும் என்று அவர்களுக்கு யார் சொன்னது என்பதை மட்டும் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

இதுதான் என் விஷயம். நம் காப்புரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, உயிரியல் பொருளைப் பயன்படுத்தினால் அது எங்கிருந்து வந்தது, எந்த நிலப்பகுதியைச் சேர்ந்தது என்று விவரக்குறிப்பில் சொல்லச் சொல்கிறது. நல்லது. மறைத்தாலோ தப்பாகச் சொன்னாலோ 25ஆம் பிரிவில் எதிர்க்கலாம், 64ஆம் பிரிவில் ரத்தே செய்யலாம். உள்ளூர்ச் சமூகத்தின் வாய்வழி அறிவில் ஏற்கெனவே இருக்கிறது என்று காட்டியும் எதிர்க்கலாம். ஆனால் செடியின் ஊரைக் கேட்கும் சட்டம், அந்தச் செடியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த ஆளைக் கேட்பதில்லை.

மஞ்சள் கதையும் வேம்புக் கதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1995இல் அமெரிக்காவில் கொடுத்த மஞ்சள் காப்புரிமையை 1997இல் ரத்து செய்ய வைத்தோம், ஐரோப்பாவில் வேம்புக்கு 2005 வரை ஆனது. மஞ்சள் வழக்கு எழுத்தில் சான்று இருந்ததால் ஜெயித்தது. எழுத்தில் இல்லாததுக்கு என்ன செய்வது?

1987 டிசம்பரில் தாவரவியல் விஞ்ஞானி புஷ்பாங்கதனின் குழு அகத்தியமலையில் ஏறிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குகிறது, கூட வந்த காணிக்காரர்கள், அந்த மலையின் பழங்குடிகள், மட்டும் சின்னச் சின்னக் காய்களை மென்றுகொண்டே சளைக்காமல் நடக்கிறார்கள். இவர்களுக்கும் தருகிறார்கள், தின்றதும் தெம்பு வருகிறது. அது என்ன காய் என்று கேட்டால் லேசில் சொல்லவில்லை, வெளியாட்களுக்குச் சொல்லும் சமாச்சாரம் இல்லை அது. நிறைய வற்புறுத்தியபிறகுதான் ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து கேரளத்தில் பாலோட்டில் இருக்கும் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. 1997இல் அறக்கட்டளை, 1999இல் பணம். உலகமே இதை முன்மாதிரி என்று கொண்டாடியது, எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள், அப்போது பல்லுயிர்ச் சட்டமே கிடையாது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யார் காட்டியது என்பதை அந்த விஞ்ஞானிகள் மறைக்காமல் சொன்னதால்தான் பாதிப் பங்கு என்ற பேச்சே வந்தது. அவர்களும் "காட்டில் சேகரித்தது" என்று எழுதிவிட்டுப் போயிருந்தால்?

அப்போதும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. எங்களைக் கேட்கவில்லையே என்று மற்றப் பகுதிக் காணிகளில் சிலர் வருத்தப்பட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம், பாபநாசத்துக்கு மேலேயும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கும் காணிகளும் அதே மலையின் மக்கள்தான். எந்தச் சமூகத்தின் பெயரை எழுதுவது என்பது லேசான கேள்வி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் கேள்வியையே கேட்காமல் விட்டால் எப்படி?

2024 மே 24 அன்று ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ஒப்பந்தம் ஒன்று நிறைவேறியது, 25 வருஷப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு. கண்டுபிடிப்பு மரபறிவை அடிப்படையாகக் கொண்டது என்றால் அதைத் தந்த பழங்குடி அல்லது உள்ளூர்ச் சமூகத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அது. நம் காப்புரிமைப் படிவம் கேட்காததை அது கேட்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டதற்காக மட்டும் ஒரு காப்புரிமையை ரத்து செய்யக் கூடாது, மோசடி எண்ணம் இருந்தால்தான் பார்க்கலாம் என்றும் வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தச் சலுகையை எடுத்து நம் 64ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள். மோசடி எண்ணத்தை எந்தக் காணிக்காரர் போய் எப்படி நிரூபிப்பார்?

சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தின் வேலை, தெரியும். படிவம் விதிகளில்தானே வருகிறது, அதை மாற்றச் சொல்லி நீங்கள் அமைச்சகத்துக்கு எழுதலாமே. இந்தப் பொருளின் பயனை யாரிடம், எந்த ஊரில், எப்போது கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள் என்று ஒரு கட்டம். யாரிடமும் இல்லை, புத்தகத்தில் படித்தேன் என்றால் எந்தப் புத்தகம் என்று எழுதட்டும். "மார்க்கெட்டில் வாங்கியது" என்பது வாங்கிய கடைக்குப் பதில், இந்தக் கட்டத்துக்கு அது செல்லாது.

ஆணையத்துக்குத் தனியாக ஒன்று. பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தபிறகு பஞ்சாயத்து பஞ்சாயத்தாக மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள், அதாவது அந்தந்த ஊரின் செடிகொடிகளையும் அவை பற்றிய அறிவையும் குறிக்கும் ஏடுகள், அவசர அவசரமாக எழுதப்பட்டன. அவசரத்தில் எழுதியதன் தரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பகுதியின் பெயர் விண்ணப்பத்தில் வந்தால் அந்தப் பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு தகவலாவது போகட்டும். காப்புரிமை இதழ் வெள்ளிக்கிழமை தோறும் வருகிறது, ஆனால் அதை மலையில் யார் படிக்கிறார்கள்? படித்து எதிர்க்க நினைத்தாலும், முன்பு இல்லாத கட்டணம் 2024 விதித் திருத்தத்தில் வந்துவிட்டது. பழங்குடிச் சமூகத்துக்காவது அதை விலக்கச் சொல்லுங்கள்.

பதில் போடுவதாக இருந்தால் தமிழில் போடுங்கள். மலைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக்காட்ட வசதியாக இருக்கும்.