படகு குறைந்தால் பசி குறைந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் கியூபா பற்றி வந்த கட்டுரையில், அமெரிக்காவின் புளோரிடாவுக்குக் கடல் வழியாக வரும் கியூபர்கள் குறைந்துவிட்டார்கள், எனவே கியூபாவில் நிலைமை தேறுகிறது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. மற்றதெல்லாம் சரி, அந்த வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

1994 ஆகஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் ஒன்றியம் உடைந்ததோடு கியூபாவுக்கு அது தந்த மலிவு எண்ணெயும் போயிற்று, சர்க்கரைக்குக் கிடைத்த நல்ல விலையும் போயிற்று. பஸ் ஓட்ட டீசல் இல்லாமல் சீனாவிலிருந்து சைக்கிள் இறக்கினார்கள். சத்துக் குறைவால் 50,000 பேருக்கு மேல் நரம்பும் கண்பார்வையும் கெட்டன. தலைநகர் ஹவானாவில் கலவரம் வெடித்தது. போகிறவர்களைத் தடுக்க மாட்டோம் என்றார் கியூபா அதிபர் காஸ்ட்ரோ. சில வாரங்களில் 30,000 பேருக்கு மேல் லாரி டியூபும் பலகையும் சேர்த்துக் கட்டிய தெப்பங்களில் கடலில் இறங்கினார்கள். செப்டம்பரில் கியூபா, அமெரிக்க அரசுகள் ஒப்பந்தம் போட, கரையில் மறுபடி காவல் வந்தது, தெப்பங்கள் நின்றன. அதற்காக ரேஷன் கடையில் அரிசி நிறைந்துவிட்டதா என்ன?

2003-இல் பன்னிரண்டு பேர் 1951-ஆம் வருடத்து ஷெவர்லே லாரியையே படகாக்கிப் புறப்பட்டார்கள். பக்கவாட்டில் காலி டிரம்கள், பின்னால் இன்ஜின் சுழற்றும் விசிறி. அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆட்களைத் திருப்பி அனுப்பியது, லாரியை மூழ்கடித்தது. அந்தப் படத்தைச் சிரிப்புக்காகப் பகிர்கிறவர்கள் இன்றும் உண்டு. அரை நூற்றாண்டு ஓட்டிக் காப்பாற்றிய வண்டியைக் கடலில் விட ஒருவன் எப்போது துணிவான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்புறம், 2021 நவம்பரில் நிகரகுவா கியூபர்களுக்கு விசா வேண்டாம் என்றது. வீட்டையும் பண்டத்தையும் விற்று விமான டிக்கெட் வாங்கி, மெக்சிகோ வழியாக வடக்கே போனார்கள். 2022 நிதியாண்டில் அமெரிக்கக் காவல் படை கடலில் மறித்தது சுமார் 6,000 பேரைத்தான். நில எல்லைக்கு வந்தவர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல்! படகை மட்டும் எண்ணினால் இந்தக் கூட்டம் கண்ணில் படாது.

காரணம் அமெரிக்காவின் வர்த்தகத் தடையா, கியூபா அரசின் நிர்வாகமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இரண்டுக்கும் பங்குண்டு என்பது என் கணக்கு. 1962 முதல் தடை நீடிப்பது உண்மை. 2021-இல் நாணயத்தை மாற்றியமைத்தபோது சம்பளத்தை விட விலைவாசி வேகமாக ஏறியதும் உண்மை. 2024 பிப்ரவரியில், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பால் பவுடர் வேண்டுமென்று ஐ.நா. உணவுத் திட்டத்திடம் கியூபா கேட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. தேறிய நாட்டின் லட்சணமா இது?

அடுத்த முறை படகுக் கணக்கோடு, அந்த மாதம் ரேஷன் புத்தகத்துக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்