65-வது பைட்

அன்புள்ள மாப்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் ஒரு பூஜ்ஜியம். சிரிக்காமல் கேள்.

லாரி எடைமேடைக்கு சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? சீரியல் போர்ட்டில் வரும் எடையை ரீட் என்ற ஃபங்ஷன் போட்டு, பஃபர் என்ற 64 பைட் தற்காலிக இடத்தில் வாங்குவேன். எத்தனை பைட் வந்ததோ, அந்த எண்ணுள்ள இடத்தில் ஒரு நல் வைப்பேன், அதாவது எழுத்து இங்கே முடிகிறது என்று காட்டும் பூஜ்ஜிய பைட். ரீட் தானாக அதை வைக்காது என்று தெரிந்து, பொறுப்பாகத்தான் செய்தேன். இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. போன மாதம் போன் வந்தது: புரோகிராம் காட்டும் லாரி எண்ணிக்கை குறைகிறதாம்.

முதலில் ஆபரேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். கொஞ்சம் கடுமையாகப் பேசியும் விட்டேன். அப்புறம் லாக்கைத் திறந்தால், 300 இருந்த இடத்தில் 256. அதைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. 300 என்றால் 256-உம் 44-உம். எண்ணிக்கையின் கீழ் பைட்டில் (நினைவகத்தில் முதலில் இருக்கும் சிறிய பகுதி) இருந்த 44 மட்டும் துடைபட்டிருக்கிறது. துடைத்தது என் நல்தான்! என்றைக்கோ புரோகிராம் சற்றுத் தாமதித்தபோது வரிகள் சேர்ந்து 64 பைட்டும் நிரம்பிவிட்டன. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் பஃபரின் கடைசி இடம் 63. நான் எழுதிய 64-ஆம் இடம், அதே ஸ்ட்ரக்டில் (தகவல்களை அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பு) பக்கத்து வீடான லாரி எண்ணிக்கையுடையது.

திருத்தம் ஒரே ஒரு கழித்தல்: ரீடிடம் 63 மட்டும் கேட்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிழை நேர்ந்தால் ரீட் -1 தரும். அதை நான் சோதிக்கவே இல்லை. -1-ஆம் இடத்தில் நல் எழுதி, பஃபருக்கு முன்னாலும் கை வைத்திருப்பேன்.

உன் மகள் கல்லூரியில் இன்னும் கெட்ஸ் (பஃபரின் அளவைப் பார்க்காமலே ஒரு வரியை வாங்கும் சி ஃபங்ஷன்) சொல்லித் தருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். 1988-இல் மோரிஸ் புழு என்ற, தானாகப் பரவும் புரோகிராம் ஃபிங்கர் சர்வருக்குள் (பயனர் விவரம் சொல்லும் சேவை) நுழைந்த வழியே அந்த கெட்ஸ்தான். 2011-இல் சி மொழியின் தரநிலையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் எஃப்கெட்ஸ் பழகச் சொல். பஃபரின் முழு அளவையும் கொடுக்கலாம், நல்லுக்கு இடம் அதுவே விட்டுக்கொள்ளும். வரியின் கடைசியில் வரும் நியூலைனை மட்டும் நாம் நீக்க வேண்டும். ஆனால் எழுத்துகளை நகலெடுக்கும் ஸ்டிரிங்-என்-காப்பியை நம்ப வேண்டாம். மூலம் நீளமாக இருந்தால் அது நல் வைக்காமலே போய்விடும்.

வியாழக்கிழமை எடைமேடைக்குப் போகிறேன். புது புரோகிராமைப் போடுவது பத்து நிமிட வேலை. ஆபரேட்டர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் யோசனை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்