யூகிகோவுக்கு வந்த வரன்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜப்பானிய நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மௌனம், பனி, செர்ரிப் பூ, தேநீர்க் கோப்பை என்று வழக்கமான சாமான்கள் எல்லாம் இருந்தன. ஜப்பானிய நாவலாசிரியர் கவாபாட்டாவை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஜுனிசிரோ தனிஸாகியின் ‘மகியோகா சகோதரிகள்’ பற்றி ஒரு வரிகூட இல்லையே! கவாபாட்டாவை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர்தான் 1957-இல் இதையும் மொழிபெயர்த்தார், நான் படித்ததும் அந்த ஆங்கிலத்தில்தான். தடிப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பேச்சு, வம்பு, பணக் கணக்கு, ஊசி மருந்து. மௌனமாவது ஒன்றாவது.

ஒசாகாவில் ஒரு காலத்தில் ஓகோ என்று வாழ்ந்து நொடித்துப்போன வியாபாரக் குடும்பம். நான்கு பெண்கள். மூத்தவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, மூன்றாமவள் யூகிகோவுக்கு வயது முப்பது ஆகியும் ஒன்றும் அமையவில்லை, அவளுக்கு முடியாமல் கடைக்குட்டி தயேகோவுக்கு முடிக்க முடியாது. 1936-இல் தொடங்கி 1941 வரை வரன் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தரகு வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொள்ளும் அழகு நிலையக்கார அம்மாள், மாப்பிள்ளை வீட்டைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பது, பையனின் அம்மாவுக்கு மனநோய் என்று தெரிந்ததும் நைசாகக் கழன்றுகொள்வது, பெண் பிறந்தது ராசியில்லாத ஆட்டு வருஷமாயிற்றே என்ற பேச்சு, அவள் கண்ணுக்கு மேலே வந்து வந்து போகும் ஒரு மங்கலான தேமலைப் பற்றி வீடே கவலைப்படுவது. இதற்கெல்லாம் தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு வேண்டுமா என்ன?

எனக்கு இங்கேதான் ஒரு உறுத்தல். இந்த நாவலைப் படித்த நண்பர்கள் எல்லோரும் “அட, நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கே” என்கிறார்கள், பாராட்டாகத்தான். அந்த ‘மாதிரியே’ பாதி தூரம்தான் வரும், அதற்குப் பிறகு நம்மை ஏமாற்றிவிடும். மாப்பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊரே கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கும். அங்கே ஆண் வாரிசு இல்லாததால் மூத்தவளின் கணவர் தத்சுவோவைத் தத்தெடுத்து, மகியோகா என்ற பெயரையும் கொடுத்து, குடும்பத் தலைமையையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவரோ கடையைக் கைமாற்றிவிட்டுத் தன் வங்கி வேலைக்குத் திரும்பிப் போகிறார். பரம்பரைக் கடை போயிற்றே என்று மைத்துனிகள் மனதுக்குள் குமுறலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. இதை நம் வீட்டோடு மாப்பிள்ளையாக நினைத்துப் படித்தால் அந்த வீட்டின் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே புரியாமல் போய்விடும்.

யூகிகோவும் அப்படித்தான். வாய் திறக்காத பெண், குனிந்த தலை நிமிராதவள், பாவம் என்று பரிதாபப்படக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவள் பேசாமல் இருந்தே அத்தனை பேரையும் ஆட்டிவைக்கிறாள்! வரனாக வந்த, தாரமிழந்த ஒருவர் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், இறந்த மனைவி பிள்ளைகளின் படங்கள் இருக்கும் பூஜை மாடத்தைக் காட்டுகிறார். பெண்ணின் மனது தெரியாத இந்த ஆள் வேண்டவே வேண்டாம் என்று மறுத்துவிடுகிறாள், கதை அங்கேயே முடிந்தது. இன்னொருவர் நல்ல மனிதர். சும்மா ஒரு நடை போய் வரலாமா என்று தொலைபேசியில் கூப்பிடுகிறார். இவளோ பேச வராமல் தயங்கி, கடைசியில் வந்து முனகி மறுக்க, அவர் கோபித்துக்கொண்டு சம்பந்தமே வேண்டாம் என்கிறார். அந்தத் தொலைபேசிக் காட்சியைப் படிக்கும்போது எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல இருந்தது. அடக்கமா, பிடிவாதமா, பயமா? தனிஸாகி சொல்வதில்லை.

(பத்திரிகைக்காரரான உங்களுக்காக ஒன்று: தயேகோ ஒரு பையனோடு ஓடிப்போனதைச் செய்தியாக்கிய நாளிதழ் தவறுதலாக யூகிகோவின் பெயரைப் போட்டுவிடுகிறது. மறுப்பு வெளியிடுங்கள் என்று தத்சுவோ கேட்க, அவர்கள் சரியான பெயரைப் போட்டு விஷயத்தை இன்னொரு தடவை நாறடிக்கிறார்கள்.)

கிமோனோ உடை, கபுகி நாடகம் என்று எதைப் பார்த்தாலும் விளக்கம் தேடும் வாசகர்கள் முக்கியமான ஒன்றைத் தேடுவதில்லை. அது காலம். 1943-இல் ‘சூவோ கோரோன்’ பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கிய உடனேயே ராணுவத் தணிக்கை இதை நிறுத்திவிட்டது. போர் நடக்கும்போது பட்டுக் கிமோனோவும் செர்ரிப் பூப் பார்க்கப் போவதும் என்ன வேண்டிக்கிடக்கிறது என்பதுதான் அவர்கள் கோபம். தனிஸாகி எழுதுவதை நிறுத்தவில்லை, நாவல் முழுதாக வந்து முடிந்தது 1948-இல். அதற்குள் ஒசாகாவும் கோபேயும் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. பக்கத்து வீட்டு ஜெர்மன் குடும்பம் ஊர் திரும்புவதையும், அங்கிருந்து கடிதம் போடுவதையும் 1948-இல் படித்த ஜப்பானியருக்கு, அந்த நாட்டுக்கு என்ன ஆயிற்று என்று தெரியும். கியோட்டோவில் சகோதரிகள் பூப் பார்க்கும் பக்கங்களை வெறும் அழகு என்று நாம் கடந்துபோவது இதெல்லாம் தெரியாததால்தான். முன்னுரை எழுதுபவர்கள் தேநீர்ச் சடங்குக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்கலாம்.

எல்லாம் சரி, தயேகோ விஷயத்தில் எனக்குத் தனிஸாகியோடு தீராத சண்டை உண்டு. பொம்மை செய்து விற்றுத் தன் காலில் நிற்கும் ஒரே பெண் அவள்தான். அவள் விரும்பிய புகைப்படக்காரர் காது அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய் முற்றிக் காலை இழந்து சாகிறார், அவளுக்குச் சீதபேதி வருகிறது, கடைசியில் பிள்ளையும் பிறக்கும்போதே போய்விடுகிறது. ஒன்றுமே செய்யாத யூகிகோவுக்குப் பிரபு வீட்டுப் பிள்ளை கிடைக்கிறார் (கல்யாணத்துக்கு ரயிலேறும்போது அவளுக்கு வயிற்றுப்போக்கையும் தனிஸாகி கொடுத்தனுப்புகிறார் என்பது வேறு விஷயம்). இது அந்தக் காலத்தின் நியாயமா, தனிஸாகியின் நியாயமா என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு கட்டுரை எழுதினால், மறுப்பு எழுத நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்