பெயர் சொல்லக்கூடிய படங்களால் காட்சி நினைவை அளக்க முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'குழந்தையின் காட்சி நினைவாற்றல்' சோதனை உண்மையில் சொல் நினைவைத்தான் அளக்கிறது. குடை, மாம்பழம், சைக்கிள், பானை என்று படம் காட்டினால், ஏழெட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பெயர்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வருவார்கள். வரிசையைக் கேட்டதும் ஒப்பித்துவிடுவார்கள். படம் நினைவில் இருந்ததா என்பது கடைசிவரை தெரியாது.

பெயர் வைக்க முடியாத வடிவங்கள்தான் இதற்குத் தேவை. தடித்த அட்டையில் நாலுக்கு நாலு என்று 16 கட்டம் போட்டு, குலுக்கலில் வரும் 8 கட்டங்களைக் கறுப்பாக்குங்கள். கூட்டல் குறி போலவோ நாற்காலி போலவோ தெரிகிற அட்டையைக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் மேல்விளிம்பில் ஒரு புள்ளி வையுங்கள். தலைகீழாக வைத்தால் அது வேறு வடிவமாகிவிடும். மூலை மடங்கிய அட்டையும் ஆகாது, அந்த மடிப்பே அடையாளமாகிவிடும்.

நான்கு அட்டைகளை ஒரே இடத்தில், ஒன்றுக்கு ஒரு நொடி வீதம் காட்டுங்கள். இடம் மாற்றி மாற்றி வைத்தால் பிள்ளை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடங்களின் வரிசையை அளக்கத் தனிச் சோதனை உண்டு: கனடாவின் மான்ட்ரியலில் பிலிப் கோர்சி 1972 ஆய்வேட்டில் விவரித்த ஒன்பது கட்டைச் சோதனை. பரப்பி வைத்த கட்டைகளைச் சோதிப்பவர் ஒவ்வொன்றாகத் தொடுவார், அதே வரிசையில் திரும்பத் தொட வேண்டும். பெரியவர்களே அதில் சராசரியாக ஐந்தாறு கட்டைகள்வரைதான் போகிறார்கள்.

அட்டை காட்டும் நேரம் முழுக்கப் பிள்ளை நொடிக்கு இரண்டு முறை 'தை, தை' என்று வாய்விட்டுச் சொல்லட்டும். உள்ளுக்குள் பெயர் சொல்லும் வழி அப்போதுதான் அடைபடும். பிறகு அதே நான்கையும் கலைத்துப் பரப்பி, பார்த்த வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். வரையச் சொல்ல வேண்டாம். தவறினால், மறந்தது வடிவமா வரிசையா என்று பிரிக்க முடியாமல் போகும். அடுத்த சுற்றுக்குப் புது அட்டைகள் வேண்டும், பழையவை வந்தால் முந்தைய வரிசை குறுக்கிடும்.

தவறுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலும் கடைசியும் சரியாக வந்து, நடுவில் பக்கத்துப் பக்கத்து அட்டைகள் இரண்டு இடம் மாறுவது மிகச் சாதாரணம். அதைக் குறையென்று எண்ண வேண்டாம்.

எங்களுக்குப் பெரிய வருத்தம், இணைப்பில் வந்த மதிப்பெண் அட்டவணைதான். ஒரே சுற்றில் சரியான இடத்தில் வந்த படங்கள் இரண்டுக்குக் கீழ் இருந்தால் 'பலவீனம்' என்கிறது அது. நான்கு அட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினாலும் சராசரியாக ஒன்று தன் இடத்தில் விழும். சாத்தியமான 24 வரிசைகளில் 7-இல் இரண்டோ அதற்கு மேலோ சரியாக வந்துவிடும். ஆக, ஒரு சுற்றை வைத்துப் பலமென்றும் சொல்ல முடியாது, பலவீனமென்றும் சொல்ல முடியாது. குறைந்தது பத்துச் சுற்றாவது வேண்டும். அப்போதும் அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். 'பலவீனம்' என்ற சொல்லைப் படித்துவிட்டுப் பிள்ளையைத் திட்டிய பெற்றோரும் இருக்கக்கூடும் என்பதால், அட்டவணையை நீக்கி அடுத்த இணைப்பிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உளவியல் ஆய்வக ஆசிரியர்கள்,
மதுரை